கிளை நூலகத்தைக் கணினிமயமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 10,000 முதல் 30,000 நூல்கள் வரை வைத்திருக்கும் கிளை நூலகங்களையும் அவற்றின் வாசகர் வட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010), மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் (2023) போன்றவற்றின் தேவையும் வேறு, பணமும் வேறு. அங்கே பார்த்ததை வைத்து இங்கே பொருள் பட்டியல் போடும்போதுதான் சிறிய நூலகங்கள் முதலில் சறுக்குகின்றன.

கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

ஒரு மடிக்கணினியைத் தவிர எதையும் வாங்க வேண்டாம். முதல் இரண்டு மாத வேலை அலமாரியில்தான். கிழிந்தவை, செல்லரித்தவை, பாடத்திட்டம் மாறிப்போன போட்டித் தேர்வு வழிகாட்டிகள் ஆகியவற்றைத் தனியே எடுத்து, நீக்கப் பட்டியல் தயாரித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் அனுமதிக்கு அனுப்புங்கள். அனுமதி வராமல் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தணிக்கையில் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 20,000 நூல்களில் 3,000 நீக்கத்துக்குரியவை என்றால், அவற்றுக்கு ஆகும் தட்டச்சுக் கூலியும் பார்கோடு ஒட்டுவில்லையும் அத்தனையும் மிச்சம்.

அடுத்து, நூலகத்துக்கு வந்த நூல்களை எண்ணிட்டு எழுதிவைக்கும் வரவுப் பதிவேட்டை அலமாரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வரவு எண் இரண்டு நூல்களில் இருப்பதும், எண்ணே எழுதாத நன்கொடை நூல்களும் எல்லா ஊரிலும் உண்டு. இவற்றைத் தாளில் திருத்துவது எளிது. கணினியில் ஏற்றிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

எந்த மென்பொருள்? கோஹாவா, இ-கிரந்தாலயாவா?

நூல் பட்டியலையும் இரவலையும் கையாள இரண்டும் வேலை செய்யும். கோஹா கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக 1999இல் உருவாகி 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. லினக்ஸில்தான் ஓடும், நூலகப் பணியாளர்கள் உலாவி வழியாக எந்தக் கணினியிலிருந்தும் பயன்படுத்தலாம். இ-கிரந்தாலயா இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது, அதன் 4.0 பதிப்பு மேகக் கணினியில் இயங்குவதால் அரசு நூலகங்கள் சர்வர் பராமரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முடிவெடுக்க எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: நூல் பதிவுகள் முழுவதையும் நூலகங்களுக்குப் பொதுவான மார்க் 21 வடிவிலும், உறுப்பினர் பட்டியலையும் இரவல் விவரத்தையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி வடிவிலும், யாரையும் கேட்காமல் நீங்களே வெளியே எடுக்க முடிகிறதா? உள்ளூர் நிறுவனம் எழுதிக் கொடுக்கும் மலிவான மென்பொருள்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் விழும். நிறுவனம் மூடினால் இரண்டு ஆண்டு உழைப்பும் பூட்டிய பெட்டிக்குள். உங்கள் மாவட்ட மைய நூலகம் ஏற்கெனவே ஒன்றைப் பயன்படுத்தினால் அதையே எடுங்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருப்பது எல்லா வசதியையும்விடப் பெரியது.

சர்வர் நூலகத்திலேயே இருக்கலாமா?

ஒற்றைக் கிளைக்கு 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள சாதாரணக் கணினி கோஹாவுக்குப் போதும். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஒருவர், மாதம் ஒரு முறையாவது வர வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் மாவட்ட அளவில் ஒரே சர்வர் வைத்துக் கிளைகள் இணைந்துகொள்வதே சரி.

காப்புப் பிரதி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கோஹா நாள்தோறும் தானாகவே பிரதி எடுக்கும்; அந்தப் பிரதி அதே கணினியின் அதே வட்டில்தான் கிடக்கும். வட்டு போனால் இரண்டும் போகும். எனவே வாரம் ஒரு முறை வெளி வட்டுக்கு ஒரு பிரதி, மாதம் ஒரு முறை வேறு கட்டடத்துக்கு ஒரு பிரதி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

எங்களிடம் எக்செல்லில் பட்டியல் இருக்கிறது. அப்படியே ஏற்றிவிடலாமா?

எந்த எழுத்துருவில் அடித்தது என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு யுனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முன்பும், பழக்கத்தால் அதற்குப் பல ஆண்டுகள் பின்பும், வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று பலவற்றில் பட்டியல்கள் அடிக்கப்பட்டன. எழுத்துருவை மாற்றியதும் தமிழ் போய் ஆங்கில எழுத்துக் குப்பை தெரிந்தால் அது பழைய குறியாக்கம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் மாற்றலாம். ஆனால் தமிழ் நிரல்களை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். ஆங்கிலத் தலைப்புகள் உள்ள நிரலையும் சேர்த்துக் கொடுத்தால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். முதலில் 200 வரிகளை மாற்றிக் கண்ணால் படித்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடருங்கள்.

சேமிக்கும்போது இன்னும் இரண்டு இடங்களில் அடி விழும். எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற தேர்வே வேண்டும். வரவு எண்ணுக்கு முன்னால் சுழியம் இருந்தால் எக்செல் அதை விழுங்கிவிடும். அந்த நிரலை எண்ணாக வைக்காமல் உரையாக அமைத்த பிறகே தரவை ஒட்டுங்கள்.

20,000 நூல்களை ஏற்ற எத்தனை நாள் ஆகும்?

நூலைக் கையில் வைத்துக்கொண்டு, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, ஒட்டுவில்லை ஒட்டி, ஒருவர் ஒழுங்காகச் செய்தால் ஒரு நாளைக்கு 70 என்று கணக்கு வைக்கலாம். 20,000 நூல்களுக்கு ஏறத்தாழ 286 ஆள்நாட்கள். இருவர் என்றால் விடுமுறைகளையும் சேர்த்து ஆறேழு மாதம். 'ஒரு நாளைக்கு 300 செய்து தருகிறோம்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், பதிவேட்டைப் பார்த்து அடிக்கப் போகிறார்கள், நூலைத் தொடப் போவதில்லை என்று பொருள். தொலைந்துபோன நூல்களும் பட்டியலில் ஏறிவிடும். வாசகர் தேடி வந்து ஏமாந்து போவார்.

ஆங்கில நூல்களுக்கு வேலை பாதி குறையும்: நூலகங்கள் ஒன்றின் பதிவை ஒன்று இணையத்தில் தேடி எடுக்கும் இசட்39.50 முறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவை இழுத்துக்கொள்ளலாம். தமிழ் நூல்களுக்கும் அங்கே பதிவுகள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் ரோமன் எழுத்தில். தமிழில் தேடும் நம் வாசகருக்கு அவை அகப்படா. பழைய தமிழ் நூல்களில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணும் இராது. ஆகவே தமிழுக்குத் தட்டச்சுதான் வழி. ஒரே மாவட்டத்துக் கிளைகளில் நூல்கள் பெரிதும் ஒன்றே என்பதால், ஒரு கிளை செய்த பதிவை மற்றவை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் இரண்டாவது, மூன்றாவது கிளைகளில் வேகம் இரட்டிக்கும். இத்தனை செலவுக்கும் உண்மையில் மிஞ்சும் சொத்து இந்தப் பதிவுகள்தான். கணினிகளை ஐந்து ஆண்டில் மாற்றியாக வேண்டும்.

எதில் தொடங்குவது? இரவல் போய்த் திரும்பி வரும் நூல்களிலிருந்து. மேசைக்கு வரும் ஒவ்வொன்றையும் பதிந்துவிட்டே அலமாரிக்கு அனுப்புங்கள். வாசகர் கைபடும் நூல்கள் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அசையாதவற்றைப் பிறகு அலமாரி வாரியாகப் பார்க்கலாம்.

ஆசிரியர் பெயரை எப்படி எழுதுவது?

தொடங்கும் முன் ஒன்றரைப் பக்க விதித்தாள் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டுங்கள். இல்லையென்றால் இராமசாமி, ராமசாமி; இலட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி என்று ஒரே ஆசிரியர் மூன்று பேராகிவிடுவார். முன்னெழுத்து பெயருக்கு முன்னா பின்னா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா, புனைபெயரா இயற்பெயரா என்பவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி ஒரு புலத்திலும், ஒருசீராக்கிய பெயர் ஆசிரியர் புலத்திலும் இருக்கட்டும். மாற்று வடிவங்களைக் கோஹாவின் பெயர் ஆவணத்தில் ஏற்றினால் எப்படித் தேடினாலும் வரும்.

நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் பகுப்பு எண் பழையபடியே தொடரட்டும். அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையிலிருந்து டூயி முறைக்கு மாறும் ஆசையை இந்த வேலையோடு சேர்க்காதீர்கள். இரண்டும் பாதியில் நிற்கும்.

பதிந்த நூல் தமிழில் தேடினால் வருவதில்லை. ஏன்?

மூன்று காரணங்கள் வழக்கமானவை. முதலாவது, தட்டச்சு: 'ஔவையார்' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக 'ஒளவையார்' என அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு வெவ்வேறு சொல். 'கௌ', 'மௌ' போன்றவற்றிலும் இதே கதை. தேடி மாற்றினால் தீரும்.

இரண்டாவது, கோஹாவில் ஜீப்ரா தேடுபொறி, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறையில் அமைக்கப்படவில்லை. அதை மாற்றிவிட்டு எல்லாப் பதிவுகளையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேலுள்ள குறிகளை நீக்கிவிட்டுத் தேடும் விதி அமைப்புக் கோப்பில் இருந்தால், அது தமிழின் புள்ளியையும் ஈகாரக் குறியையும் சேர்த்துக் களைந்துவிடும். 'கல்' தேடினால் 'கல'வும் வரும். அந்த விதியைத் தமிழ் எழுத்துகளுக்குப் பொருந்தாதபடி திருத்தச் சொல்லுங்கள்.

அகர வரிசை தப்பாக வந்தால் காரணம் வேறு. யுனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்ற வரிசையில் எண்கள் உள்ளன. நம் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன கடைசியில் வரும். மென்பொருள் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அச்சிட்ட பட்டியல் நூலகருக்கு எரிச்சலூட்டும். தமிழுக்கான வரிசை விதியைத் தேர்ந்துவிட்டால் சரியாகிவிடும்.

பார்கோடு எப்படி அமைப்பது?

இலக்கங்கள் மட்டும். இது அழகுக்காகச் சொல்வதில்லை. ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகைபோலவே பேசும். தமிழ்99 உள்ளீடு திறந்திருக்கும் நேரத்தில் ஆங்கில எழுத்து கலந்த பார்கோடைப் படித்தால் திரையில் தமிழ் எழுத்துகள் விழும். மேசையில் கூட்டம் நிற்கும்போது 'ஸ்கேனர் கெட்டுவிட்டது' என்று தோன்றுவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

கிளைக்கு 4 இலக்கம், வரவு எண்ணுக்கு 6 இலக்கம், மொத்தம் 10. முதல் இலக்கம் சுழியமாக வேண்டாம். கிளைக் குறியீடு கட்டாயம். ஒவ்வொரு கிளையும் வரவு எண்ணை 1இலிருந்து தொடங்கியிருப்பதால், பொதுத் தரவுத்தளத்தில் சேரும் நாளன்று மோதும்.

கோட் 128 வகையைத் தேர்ந்தெடுங்கள். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) அச்சுப்பொறியில் ஒரு கோட்டுக்கு 2 புள்ளி, அதாவது 0.25 மி.மீ. என்று வைத்தால் 10 இலக்கங்களும் ஓர வெளியும் சேர்த்து சுமார் 28 மி.மீ. தான். 38 × 25 மி.மீ. வில்லையில் நூலகத்தின் பெயரோடு அடங்கும். கோட் 39 என்றால் அதே எண் 48 மி.மீ. தாண்டும், நெருக்கி அச்சடித்தால் ஸ்கேனர் படிக்காது.

வெப்பத்தால் நேரடியாகக் கருக்கும் வில்லை, கடை ரசீதைப் போலவே ஓரிரு கோடையில் வெளுத்துவிடும். ரிப்பன் வைத்து அச்சிடும் வகையே வேண்டும். ஒரு வில்லை பின்னட்டையில், அதே எண்ணில் இன்னொன்று தலைப்புப் பக்கத்தின் பின்புறம். அட்டை போனாலும் நூல் அடையாளம் இழக்காது. மேலே செலோடேப் ஒட்டாதீர்கள்: மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆர்எஃப்ஐடி தேவையா?

நூலில் ஒட்டிய வில்லையை ரேடியோ அலையால் படிக்கும் முறை இது. எங்கள் கருத்தில், கிளை நூலகத்துக்குத் தேவையில்லை. நாளொன்றுக்குச் சில நூறு இரவல் இருக்கும் இடத்தில் பார்கோடு ஸ்கேனர் போதும். வாசலில் நிறுத்தும் உணரிக் கதவு இரும்பு அலமாரிகளுக்கு அருகில் சரியாக வேலை செய்யாது, தகடு பூசிய அட்டையுள்ள நூல்களைப் பிடிக்காது. மேலிடத்தில் முடிவாகிவிட்டதென்றால், 13.56 மெகாஹெர்ட்ஸ், ஐஎஸ்ஓ 15693 தரத்திலான வில்லையும் ஐஎஸ்ஓ 28560 தரவு அமைப்பும் வேண்டுமென்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதுங்கள். ஒரு நிறுவனத்தின் வில்லையை இன்னொரு நிறுவனத்தின் கருவி படிக்க அதுதான் உத்தரவாதம்.

மின்வெட்டு, இணையத் தடை?

மேசைக் கணினிக்குப் பதில் மடிக்கணினி என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். 600 விஏ யுபிஎஸ் ஒரு மேசைக் கணினியைக் கால் மணி நேரம் தாங்கினாலே அதிகம். அந்த பேட்டரியும் இரண்டு மூன்று ஆண்டில் செத்துவிடும். மாற்றப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ரௌட்டருக்குத் தனியே 12 வோல்ட் நேர்மின் யுபிஎஸ் வாங்குங்கள். 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலும் 10 வாட் ரௌட்டர் நான்கு மணி நேரம் ஓடும்.

இணையத்துக்கு ஊராட்சி அலுவலகம் வரை இழைவடம் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கொண்டுசெல்லும் திட்டம் மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட் வசம் உள்ளது. ஊராட்சிக் கட்டடத்திலிருந்து நூலகம் வரையிலான கடைசி 200 மீட்டர்தான் வழக்கமாக யார் பொறுப்பிலும் இருக்காது. அதற்கு எழுத்து மூலம் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லாம் நின்றுபோன நாளுக்கு மேசையில் ஒரு நோட்டு: உறுப்பினர் எண், நூல் பார்கோடு எண், தேதி. மின்சாரம் வந்ததும் அன்றே ஏற்றிவிட வேண்டும்.

பழைய முறையிலிருந்து மாறும் நாளில் என்ன செய்வது?

தேர்வு மாதங்களில் மாறாதீர்கள். உறுப்பினர் அட்டைகளை முன்கூட்டியே அச்சிட்டு வைத்து, அவர் வரும்போது பழையதை வாங்கிப் புதியதைக் கொடுங்கள். வெளியே இரவலில் உள்ள நூல்களை ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். திரும்பி வரும்போது பழைய சீட்டில் முடித்து, கணினியில் பதிந்தால் போதும். ஒரு மாதத்துக்குப் பழைய முறையும் புதிய முறையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். அதற்கு மேல் நீட்டினால் பணியாளர்கள் தாளை மட்டும் நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1964இல் மறைந்தவரின் எழுத்து 2025 சனவரி 1 முதல் பொதுவுடைமை. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளையும் வெளியிடலாம். ஆனால் அவற்றுக்கு இன்னொருவர் எழுதிய உரை, முன்னுரை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் உரிமை தனி.

உரிமை முடியாத நூல்களுக்கும் ஒரு வழி உண்டு. நூலகத்திடம் அச்சுப் பிரதி இருந்தால், வணிக நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்கிறது 52(1)(என்) பிரிவு. சேமிக்கத்தான் அனுமதி, இணையத்தில் ஏற்ற அன்று.

எதை ஸ்கேன் செய்வது என்பது அதைவிட முக்கியம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி செய்யாதீர்கள். உங்கள் ஊரில் மட்டும் கிடைப்பதைத் தேடுங்கள்: குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், உள்ளூர்ச் சிற்றிதழ், சங்கத்தின் ஆண்டறிக்கை, திருவிழா நோட்டீஸ். இவற்றை வேறு யாரும் சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்கேன் செய்யும் அளவு?

300 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் கோப்பாக மூலப்பிரதி. வாசகருக்குச் சுருக்கிய பிடிஎஃப். ஏ5 அளவுப் பக்கம் சுருக்காமல் 13 எம்பி வரும். 200 பக்க நூல் 2.6 ஜிபி, ஆயிரம் நூல் 2.6 டிபி. இரண்டு பிரதி என்றால் அதை இரட்டியுங்கள். தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் பழைய நூலின் முதுகு உடையும். வி வடிவத் தாங்கியும் மேலிருந்து எடுக்கும் கேமராவும் நல்லது.

படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரியை நம்பி இருக்காதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களில் அது தடுமாறும். ஈய அச்சில் தேய்ந்த புள்ளிகளைத் தவறவிடும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருளடக்கம் ஆகியவற்றைக் கையால் அடித்துவிட்டால், உள்ளே உரை பிழையாக இருந்தாலும் நூல் கிடைக்கும்.

வாசகருக்கு எத்தனை கணினி?

நான்கு போதும். நடைமுறையில் அவற்றைத் தேடி வருவோரில் பெரும்பாலோர் போட்டித் தேர்வு மாணவர்கள்: விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, பழைய வினாத்தாள். எனவே அச்சுப்பொறியும் தாளும் முக்கியம், பக்கத்துக்கு ஒரு சிறு கட்டணம் வையுங்கள். ஒவ்வொருவரும் எழுந்ததும் கோப்புகளும் கடவுச்சொற்களும் தானாக அழியும்படி விருந்தினர் கணக்கு வைப்பது கட்டாயம். ஒரு கணினியிலாவது பார்வையற்றோருக்கான என்விடிஏ திரைவாசிப்பானும் ஹெட்போனும் இருக்கட்டும். இலவச மென்பொருள்தான், தமிழும் வாசிக்கும்.

உறுப்பினரிடம் ஆதார் எண் வாங்கலாமா?

முகவரியைச் சரிபார்க்க ஏதாவதோர் ஆவணத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். எண்ணைக் கணினியில் ஏற்றாதீர்கள். உங்களிடம் இல்லாத தகவல் உங்களிடமிருந்து கசியாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சிறுவர் உறுப்பினர் படிவத்தில் அதற்கு ஒரு கையெழுத்து இடம் சேருங்கள். நூல் திரும்பியதும் யார் படித்தார் என்ற வரலாற்றைப் பெயர் நீக்கி வைக்கும் வசதி கோஹாவில் உண்டு. அதை இயக்கிவிடுங்கள்.

தொடர் செலவுக்குப் பணம் எங்கிருந்து?

1948இன் மதராஸ் பொது நூலகச் சட்டம் வகுத்த வழி இன்றும் இருக்கிறது: சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. உள்ளாட்சிகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். நிலுவை சேர்வதே வழக்கமான சிக்கல். கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவி மாநில அரசு வழியாக வரும். புரவலர் நன்கொடையைக் கணினி வாங்கச் செலவிடுவதைவிட இணையக் கட்டணம், பேட்டரி, ரிப்பன், வில்லை என்ற சில்லறைகளுக்கு ஒதுக்குங்கள். கணினி தர ஆள் கிடைப்பார். மூன்றாம் ஆண்டு பேட்டரி வாங்கித் தர யாரும் முன்வருவதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பழைய வரவுப் பதிவேட்டை என்ன செய்வது?

தூக்கிப் போடக் கூடாது. தணிக்கைக்கு அதுவே மூல ஆவணம். வாங்கிய விலை, விலைப்பட்டியல் எண், நன்கொடையாளர் பெயர் எல்லாம் பெரும்பாலும் அதில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு வெள்ளையில் எடுத்தால் நீக்கப்பட்ட நூல்களுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளும் நீல மைப் பதிவுகளும் ஒன்றாகிவிடும்.